கடல் தாண்டிப் போன கல்லாப்பெட்டி

பொங்கலன்று கடைக்குப் போயிருக்கவே கூடாது என்று என் மனைவி இன்றைக்கும் சொல்வாள். 2024இல் பொங்கல் திங்கட்கிழமை வந்தது, ஜனவரி 15. மொரீஷியஸில் தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை உண்டு, பொங்கலுக்கு இல்லை. ரோஸ் ஹில் வீட்டில் பால் பொங்கியதைப் பார்த்துவிட்டு நான் கிளம்பிவிட்டேன். பெலால் புயல் பக்கத்துத் தீவான ரியூனியனில் கரையேறப் போகிறது, அங்கே உச்சகட்டமான ஊதா எச்சரிக்கை கொடுத்துவிட்டார்கள், நமக்கு வெறும் மழைதான் என்று எல்லாருக்கும் ஒரு நினைப்பு. புயல் ரியூனியனைத்தான் அடித்தது. ஆனால் வெள்ளம் எங்கள் தலைநகர் போர்ட் லூயிஸுக்குள் வந்தது.

மத்தியச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் நான் கணினி வேலை பார்க்கிறேன். அரிசி, பருப்பு, மசாலாவோடு சூடம், வேல், பால்செம்பு, காவடிக்கு உடுத்துகிற ரோஸ் நிறத் துணி என்று கன்டெய்னர் கன்டெய்னராகத் தமிழ்நாட்டிலிருந்து வரும். அந்த வருடம் காவடி ஜனவரி 25. அதற்கு முந்தைய பத்து நாள் விரத காலத்தில்தான் எங்களுக்கு வருடத்தின் பெரிய வியாபாரம். கோயில் சங்கங்கள் கடனுக்கு வாங்கும். யார் எவ்வளவு பாக்கி என்பது முழுவதும் பில்லிங் சாஃப்ட்வேருக்குள் இருந்தது. அது இருந்த சர்வர் தரைத்தளத்துப் பின்னறையில், தரையில், ஒரு பலகைமேல்.

2013 மார்ச் 30 அன்று இதே ஊரில் திடீர் வெள்ளத்தில் 11 பேர் இறந்திருக்கிறார்கள். மலையிலிருந்து வரும் ஓடை பொங்கினால் தண்ணீர் எந்தத் தெருவுக்கு வரும் என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அப்படியிருந்தும் சர்வரை ஏன் தரையில் வைத்தோம் என்றால், அந்த மூலையில்தான் ஏசி காற்று நன்றாகப் பட்டது. வேறு காரணமே இல்லை.

தண்ணீர் வாசல்படியைத் தாண்டியபோது தரைத்தளத்தில் கரண்ட் போய்விட்டிருந்தது. யூபிஎஸ் கீச் கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது. நான் ஓடிப்போய் அந்த யூபிஎஸ்ஸைத் தூக்கி மேசைமேல் வைத்தேன். என்ன செய்திருக்க வேண்டும்? சர்வரை முறைப்படி அணைத்திருக்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. தண்ணீரில் நின்றுகொண்டு கரண்ட் ஓடுகிற பெட்டியைத் தொட்டது அதைவிடப் பெரிய மடத்தனம், அது வேறு கதை. மேல்மாடியில் மூன்று பேர் போனில் வந்த ஆர்டர்களை அடித்துக்கொண்டிருந்தார்கள். சர்வரின் அடித்தட்டில் இருந்த பவர் சப்ளையைத் தண்ணீர் தொட்டது. பட். மாடியிலிருந்து கணக்கு அக்கா கிரியோலில் ஏதோ கத்தினார். எனக்குப் புரிய வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

ஊரடங்கு தளர்ந்து மறுநாள் போய்ப் பார்த்தபோது பின்னறை முழுக்கச் சேறு. சர்வரின் கீழ்ப்பாதி செத்துவிட்டது. ஹார்டு டிஸ்க் இரண்டும் மேல்தட்டில் இருந்ததால் நனையவில்லை. நனைந்திருந்தால் நான் தொட்டிருக்கவே மாட்டேன். ஹார்டு டிஸ்கின் மூடியில் காற்றுக்காக ஒரு சின்னத் துளை இருக்கும், சேற்றுத் தண்ணீர் அதன் வழியாக உள்ளே போய்விடும். அந்த மாதிரி டிஸ்கை அரிசிப் பானைக்குள் புதைத்து, வெயிலில் காய வைத்து, கரண்ட் கொடுத்துப் பார்க்கிறவர்கள் மிச்சமிருந்த வாய்ப்பையும் கெடுத்துக்கொள்கிறார்கள். அதை டேட்டா மீட்புக் கூடத்துக்கு அனுப்புவதுதான் வழி.

சரி, பேக்கப்? யூஎஸ்பி டிஸ்க் ஒன்று இருந்தது, சர்வரின் பின்னாலேயே தொங்கிக்கொண்டு. வீட்டுச் சாவியையும் மாற்றுச் சாவியையும் ஒரே வளையத்தில் கோத்து வைத்த கதை. இரண்டாவதாக, தினமும் ராத்திரி ஒரு நகல் ஐரோப்பாவில் இருக்கிற கிளவுட் சேமிப்புக்குப் போகும்படி நானே எழுதி வைத்திருந்தேன். அதைத் திறந்து பார்த்தேன். டிசம்பர் 29 வரை எல்லாம் சரியாக இருந்தது. அதற்கப்புறம் வந்த ஃபைல்கள் ஒவ்வொன்றும் 0 கேபி. சர்வரில் இடம் நிறைந்துபோய்ச் சுருக்குகிற வேலை தோற்றிருக்கிறது. தோற்றது என்று தினமும் எனக்கு மெயிலும் வந்திருக்கிறது. அந்த மெயில்களெல்லாம் நேராக ஒரு ஃபோல்டருக்குப் போகும்படி ஏற்பாடு செய்ததும் நான்தான். தினம் தினம் 'வெற்றி' என்று வந்த மெயில் தொல்லையாக இருந்ததே! இப்போது வெற்றிக்கு மெயில் வராது. தோல்விக்கு வரும், போனுக்கும் அடிக்கும். அதைவிட முக்கியமாக, ஃபைல் வந்ததா என்று மட்டும் பார்க்காமல் அதன் அளவையும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். நேற்றையதைவிடப் பாதிக்குக் குறைந்திருந்தால் அதுவும் தோல்விதான்.

ஆக, கையில் இரண்டு வாரத்துக்கு மேல் பழைய நகல் ஒன்று, முறை தவறி அணைந்த டிஸ்க் இரண்டு. டிஸ்கிலிருந்து டேட்டாபேஸை எடுத்தால்தான் ஜனவரி மாதக் கணக்கு கிடைக்கும்.

இங்கே ஒன்றை மட்டும் ஒழுங்காகச் செய்தேன். ரிப்பேர் எதையும் தொடுவதற்கு முன்னால் டிஸ்கை முழுசாக வேறொரு டிஸ்குக்கு நகல் எடுத்து, மூலத்தைத் துணியில் சுற்றி அலமாரிமேல் வைத்துவிட்டேன். அதற்கப்புறம் நடந்தது எல்லாம் நகலின்மேல்தான். 41 ஜிபி டேட்டாபேஸ். அதை நடத்துகிற எஸ்க்யூஎல் சர்வர் என்ற சாஃப்ட்வேரில் சேர்க்கப் பார்த்தால் சேர மறுத்தது. எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் கரண்ட் போனதால், ஒவ்வொரு மாற்றத்தையும் குறித்து வைக்கும் லாக் ஃபைல் பாதியில் நின்றிருந்தது. இதற்கு ஒரு பழைய குறுக்குவழி உண்டு: அதே பெயரில் ஒரு வெற்று டேட்டாபேஸை உருவாக்கி, அதை நிறுத்தி, அதன் ஃபைல்களை எடுத்துவிட்டு நம்முடைய ஃபைல்களை அதே இடத்தில் வைத்து மறுபடி எழுப்புவது. சந்தேகத்துக்குரியது என்று முத்திரை குத்தி எழுப்பும், பரவாயில்லை. அப்புறம் எமர்ஜென்சி நிலைக்கு மாற்றிச் சோதனைக் கட்டளையைக் கொடுக்கலாம்.

கட்டளையைக் கொடுத்தேன், என் 8 ஜிபி லேப்டாப்பில். அது உறுமிக்கொண்டே இருந்தது. ராத்திரி ஒரு மணிக்கு 30 சதவீதம். இரண்டு மணிக்கு ரோஸ் ஹில்லில் கரண்ட் போனது. லேப்டாப் பேட்டரி தாங்கும், ஆனால் டிஸ்க் தனி அடாப்டரில் அல்லவா ஓடிக்கொண்டிருந்தது! மறுபடியும் பட்.

அந்த இருட்டில்தான் புத்தி வந்தது. சேறும் மின்வெட்டும் உள்ள ஊரில், வீட்டு லேப்டாப்பில் இந்த வேலையை ஏன் செய்துகொண்டிருக்கிறேன்? டேட்டாவை ஒரு தடவை வெளியே அனுப்பிவிட்டால் கரண்ட் போகாத இடத்தில், பெரிய இயந்திரத்தில், மணிக்கணக்கு வாடகைக்கு இதைச் செய்யலாமே.

எந்த ஊர் இயந்திரம் என்று தேர்ந்தெடுப்பதில் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. மைக்ரோசாஃப்டும் அமேசானும் 2019, 2020இல் அடுத்தடுத்துத் தென்னாப்பிரிக்காவில் தரவு மையங்களைத் திறந்தன. மொரீஷியஸுக்கு அதுதான் பக்கம். சேஃப் என்ற கடலடிக் கேபிள் 2002 முதல் தென்னாப்பிரிக்காவில் தொடங்கி ரியூனியன், மொரீஷியஸ், கொச்சி வழியாகப் பினாங்கு வரை போகிறது. நம் ஆட்கள் கப்பலேறிப் போன ஊர்களையே கோத்துப் போட்ட மாதிரி ஒரு வரைபடம். 2021இலிருந்து மெட்டிஸ் என்று இன்னொரு கேபிளும் தென்னாப்பிரிக்காவுக்கு இருக்கிறது. முதலாளியிடம் சொன்னதும் அவர் சிரித்துவிட்டார். "அங்கேயா? அங்கே கரண்டே இருக்காதே!" நியாயமான கேள்விதான். முந்தைய வருடம், 2023இல், அந்த நாட்டு மின்வெட்டு உச்சத்தில் இருந்தது. தரவு மையங்கள் டீசல் ஜெனரேட்டர் போட்டு ஓட்டுகின்றன, நம் பின்னறையில் ஜெனரேட்டர் இல்லை என்று சொன்னேன். "கி பூ ஃபேர்" என்றார். என்ன செய்ய என்று அர்த்தம். இந்தத் தீவில் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

41 ஜிபியைச் சுருக்கினால் 9 ஜிபி. என் வீட்டு இணைப்பில் மேலே அனுப்பும் வேகம் 20 எம்பிபிஎஸ். கணக்குப் போட்டால் ஒரு மணி நேரம். மூன்று தடவை அறுந்து இரண்டரை மணி ஆனது. 500 எம்பி துண்டுகளாக வெட்டி அனுப்பியதால் அறுந்த துண்டை மட்டும் திரும்ப அனுப்பினால் போதுமாக இருந்தது. முழு ஃபைலாக அனுப்பியிருந்தால் காவடி வரை அனுப்பிக்கொண்டிருப்பேன்.

தூரத்து இயந்திரத்தில் 8 கோர், 32 ஜிபி ரேம் எடுத்தேன். எங்களிடம் இருந்தது எஸ்க்யூஎல் சர்வர் 2016. ஆசைப்பட்டுப் புதிய பதிப்பைப் போடவில்லை, ஏனென்றால் புதியதில் ஒரு தடவை திறந்த டேட்டாபேஸ் பழையதில் மறுபடி திறக்காது. காசு மிச்சம் என்று இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பைப் போடவும் வழியில்லை, அந்த 2016 எக்ஸ்பிரஸில் ஒரு டேட்டாபேஸுக்கு 10 ஜிபிதான் உச்சவரம்பு. லைசென்ஸும் சேர்ந்த வாடகையாக எடுத்துக்கொண்டேன்.

லேப்டாப் ராத்திரியெல்லாம் முக்கி முனகிய சோதனை அங்கே இருபது நிமிடத்துக்குள் முடிந்தது. இரண்டு இடத்தில் சேதம். ஒன்று வெறும் இண்டெக்ஸ், அதாவது சீக்கிரம் தேடுவதற்கான அகராதி, அழித்துத் திரும்பக் கட்டினால் போகும். இன்னொன்று பில் வரிகள் இருக்கிற அட்டவணையில், சில 8 கேபி பக்கங்கள். அவற்றை இழக்கச் சம்மதமா என்று கட்டளையின் பெயரே கேட்கிறது. சம்மதித்தேன். போனவை பெரும்பாலும் அந்தத் திங்கட்கிழமைக் காலை வரிகள். கார்பன் நகல் புத்தகத்தைப் பார்த்துக் கணக்கு அக்கா மறுபடி அடித்தார். "பேப்பர் வேண்டாம் வேண்டாம் என்பீர்களே" என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னார். விரதத்தில் இருந்ததால் அதோடு விட்டுவிட்டார் என்று நினைக்கிறேன்.

டேட்டாபேஸ் உயிரோடு வந்துவிட்டது, தென்னாப்பிரிக்காவில். கடையிலோ புது சர்வர் வர வாரக்கணக்கில் ஆகும் என்றார்கள். ஊரில் பாதிக் கடைகள் அப்போது அதே வரிசையில் நின்றன. அப்படியானால் அங்கிருந்தே ஓட்டுவோம் என்று முடிவு செய்தேன். அங்கேதான் பெரிய தப்பு ஒன்றைச் செய்தேன்.

மாடியில் இருந்த கணினிகள் நல்லபடியாக இருந்தன, அவற்றில் பில்லிங் புரோகிராமும் இருந்தது. சர்வர் முகவரியை மட்டும் மாற்றித் தூரத்து டேட்டாபேஸைப் பார்க்கச் சொன்னேன். வியாழக்கிழமை காலை. முதல் வாடிக்கையாளர் சூடம் இரண்டு பெட்டி கேட்டார். கணக்கு அக்கா 'சூடம்' என்று அடித்து என்டர் தட்டினார். வட்டம் சுற்றியது. சுற்றியது. 16 நொடி கழித்துப் பட்டியல் வந்தது. ஒரு வரியைத் தேர்ந்தால் மறுபடி 16. வாடிக்கையாளர் கல்லாமேல் விரலால் தாளம் போட ஆரம்பித்தார்.

இணைய வேகம் போதவில்லை என்று நினைத்து இணைப்பைத் திட்டினேன். அநியாயம், இணைப்பில் கோளாறே இல்லை. எங்களுக்கும் அந்த இயந்திரத்துக்கும் இடையே ஒரு கேள்வி போய்ப் பதில் வர 50 மில்லிசெகண்டு சொச்சம். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கி.மீ. போகும், கிட்டத்தட்ட 3,000 கி.மீ. போய்த் திரும்ப 30 மில்லிசெகண்டு ஆகியே தீரும். மிச்சம் வழியிலுள்ள ரவுட்டர்கள் எடுத்துக்கொள்வது. எவ்வளவு பணம் கொட்டி வேகத்தைக் கூட்டினாலும் அது குறையாது. சரி, 50 மில்லிசெகண்டு ஒன்றும் பெரிதில்லையே? டேட்டாபேஸுக்கு என்னென்ன கேள்விகள் வருகின்றன என்று கண்காணித்துப் பார்த்தேன். ஒரு பொருளைத் தேடினால் இந்த சாஃப்ட்வேர் 300 கேள்விக்கு மேல் கேட்கிறது! விலை என்ன, வாட் 15 சதவீதம் உண்டா, எந்த கோடவுனில் இருக்கிறது என்று ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாக. சர்வர் பின்னறையில் இருந்த காலத்தில் ஒரு கேள்விக்கு ஒரு மில்லிசெகண்டுகூட ஆகாது, யாருக்கும் தெரியவில்லை. கடலைத் தாண்டி 300 தடவை போய்வந்தால் 15 நொடி. மொத்தச் சாமான் பட்டியலையும் ஒரே தாளில் எழுதிக் கொடுக்காமல், ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு தடவை பையனைச் சந்தைக்கு ஓடவிட்ட மாதிரி.

பேசிக்கொண்டே இருக்கிற இரண்டு பேரைப் பிரித்து வைத்ததுதான் தப்பு. டேட்டாபேஸ் போன இடத்துக்குப் புரோகிராமும் போக வேண்டும். இரண்டும் ஒரே இயந்திரத்தில் உட்கார்ந்து ஆயிரம் கேள்வி கேட்டுக்கொள்ளட்டும். கடலைத் தாண்டித் திரையின் படமும் நம் விசைத்தட்டலும் மட்டும் போய்வந்தால் போதும். ரிமோட் டெஸ்க்டாப் அதைத்தானே செய்கிறது. வெள்ளிக்கிழமை முழுவதையும் அதற்குச் செலவழித்தேன். வெறும் விண்டோஸ் சர்வரில் நிர்வாகத்துக்கென்று இரண்டு பேர்தான் ஒரே நேரத்தில் நுழைய முடியும். ஐந்து பேருக்குத் தனி லைசென்ஸ் வேண்டும், ஆனால் 120 நாள் அவகாசம் உண்டு. காவடிக்கு அது தாராளம்.

அப்புறம் டாங்கிள். பில்லிங் சாஃப்ட்வேரின் லைசென்ஸ் ஒரு யூஎஸ்பி குச்சியில் இருந்தது. தென்னாப்பிரிக்காவில் இருக்கிற இயந்திரத்தில் குச்சியை எப்படிச் செருகுவது? விற்றவர்களுக்குப் போன் போட்டேன். முதல் நாள் எடுக்கவே இல்லை. மறுநாள் எடுத்தவர் டாங்கிளை அனுப்பினால் பார்க்கிறேன் என்றார். சேற்றிலிருந்து எடுத்த குச்சியின் படத்தை அனுப்பியதும்தான் 30 நாள் தற்காலிகச் சாவி வந்தது. உங்கள் கடையிலும் இப்படி ஒரு குச்சி இருந்தால், அது தொலைந்தால் யாரைக் கூப்பிடுவது, அவர்கள் என்ன தருவார்கள் என்பதை வெயில் காயும் நாளில் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பு பற்றி ஒன்று. வெள்ளிக்கிழமை மதியம் அவசரத்தில் ரிமோட் டெஸ்க்டாப் கதவை, அதாவது 3389ஆம் போர்ட்டை, இணையத்துக்கு அப்படியே திறந்து வைத்தேன். சாயங்காலம் பதிவேட்டைப் பார்த்தால் உலகத்தின் எங்கெங்கோ இருந்தெல்லாம் 'அட்மின்' என்று பெயர் போட்டுக் கடவுச்சொல்லை ஊகித்துக்கொண்டிருந்தார்கள், நூற்றுக்கணக்கில். வேர்த்துவிட்டது. வயர்கார்டு என்ற விபிஎன், அதாவது எங்களுக்கு மட்டுமான பூட்டிய பாதை ஒன்றைப் போட்டு, அதற்குள் வருகிறவர்களுக்கு மட்டும் கதவு தெரியும்படி மாற்றிய பிறகுதான் சாப்பிடப் போனேன். வாடிக்கையாளர் விவரம் வெளிநாட்டுக்குப் போகிறது என்பதால் 2017ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி என்னென்ன எழுதி வைக்க வேண்டும் என்று ஆடிட்டரிடமும் கேட்டுக்கொண்டோம்.

சனிக்கிழமை காலை கடை திறந்தது. சூடம், என்டர், பட்டியல். ஒரு நொடிகூட ஆகவில்லை. பார்கோடு ஸ்கேனர் விசைப்பலகை மாதிரியே நடந்துகொள்வதால் தொல்லை தரவில்லை. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்தான் முரண்டு பிடித்தது. அதன் டிரைவரைத் தூரத்து இயந்திரத்திலும் போட்ட பிறகு வழிக்கு வந்தது. பத்து பில் போனதும் கோயில் சங்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் பில்லைத் தூக்கிக் காட்டினார். நேரம் 4:31. "பிரம்ம முகூர்த்தத்திலேயே கடை திறந்துவிட்டீர்களா, தம்பி?" கிளவுட் இயந்திரம் உலக நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது, நாங்கள் அதற்கு 4 மணி நேரம் முன்னே. அதை மாற்றப் போனபோதுதான் தேதி அமைப்பு அமெரிக்க முறையில் இருப்பதையும் கண்டேன். நல்லவேளை! விட்டிருந்தால் பிப்ரவரி 1ஆம் தேதி வசூலெல்லாம் ஜனவரி 2 என்று பதிவாகியிருக்கும், மாசக்கடைசி வரைக்கும் யாருக்கும் தெரிந்திருக்காது.

செவ்வாய்க்கிழமை, 23ஆம் தேதி, கூட்டம் நெரிந்தது. பகல் பதினொரு மணிக்குத் தெருவில் ஏதோ வேலை, கரண்ட் போனது. கணக்கு அக்கா 40 வரி பில்லில் 34ஆவது வரியில் இருந்தார். என்னைப் பார்த்தார். பொங்கலன்று கத்திய அதே முகம். நான் என் லேப்டாப்பை அவர் முன்னால் வைத்து, போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, அவர் பெயரில் உள்ளே போனேன். திரை வந்தது. 34ஆவது வரியில் கர்சர் மினுக்கிக்கொண்டிருந்தது. இங்கே இணைப்பு அறுந்தாலும் அங்கே அவருடைய வேலை அப்படியே உட்கார்ந்திருக்கும் என்று நான் முன்னாலேயே விளக்கியிருந்தேன். அவர் நம்பவில்லை போலிருக்கிறது. "கொரெக்" என்றார் மெதுவாக, சரி என்று அர்த்தம், அடுத்த வரியை அடித்தார். அன்றைக்குச் சாயங்காலமே 4ஜி சிம் போட்ட ரவுட்டர் ஒன்றும் அதற்கொரு சின்ன யூபிஎஸ்ஸும் வாங்கினோம். மேசைமேல்தான் வைத்திருக்கிறோம்.

இப்போதும் கடை அங்கிருந்துதான் ஓடுகிறது. 2024 மார்ச்சில் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் ஒரே நேரத்தில் நாலு கேபிள் அறுந்த செய்தியைப் படித்ததும், அன்றாட நகலில் ஒன்றைக் கடையின் மாடியில் ஒரு சின்னப் பெட்டிக்கும் இறக்கிக்கொள்ள ஆரம்பித்தேன். மாதத்தின் முதல் திங்கட்கிழமை அந்த நகலைத் திறந்து, முந்தின சனிக்கிழமையின் கடைசி பில் எண்ணைக் கணக்கு அக்காவிடம் படித்துக் காட்டுவேன். அவர் பேப்பரோடு ஒத்துப் பார்ப்பார். அது ஒத்துப்போனால்தான் எனக்கு அன்றைக்கு டீ.

காவடி அன்று கடைக்கு விடுமுறை. முதலாளி காவடி எடுத்தார். நானும் குடும்பத்தோடு கோர் த கார்த் மலைக் கோயிலுக்குப் போய்விட்டு, வாழையிலையில் ஏழு கறிச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுத் தூங்கிப்போனேன். ரிப்பேருக்கென்று எடுத்த 8 கோர் இயந்திரத்தையே கடைக்கும் ஓட்டிக்கொண்டிருந்தோம். ராத்திரியில் விண்டோஸுக்குள்ளிருந்து 'ஷட் டவுன்' கொடுத்துவிட்டு வாடகை நின்றுவிட்டது என்று நம்பியிருந்தேன். வாரத்துக்கு 168 மணி நேரம், கடை ஓடுவது 55 மணி நேரம், மிச்சம் லாபம் என்று முதலாளியிடம் கணக்கெல்லாம் காட்டியிருந்தேன். நாங்கள் எடுத்த கிளவுட்டில் உள்ளிருந்து அணைத்தால் இயந்திரம் தூங்கும், ஆனால் நம் பெயரில் பிடித்து வைத்த இடம் அப்படியே இருக்கும், வாடகை ஓடும். நிர்வாகப் பக்கத்திலிருந்து விடுவித்தால்தான் நிற்கும் என்பது மாதக் கடைசியில் வந்த பில்லைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. முதலாளி பில்லை இரண்டு தடவை படித்தார். காவடி நாளின் 24 மணி நேரத்தின்மேல் விரலை வைத்தார்.

"அன்றைக்குக் கடை பூட்டியிருந்ததே?"

"பூட்டித்தான் இருந்தது" என்றேன். "கி பூ ஃபேர்?"